வெங்காயக் கலர் வானம்

எங்க மஞ்சணைக்குறிச்சிக்கு ஒரு அந்தி வந்துது, வந்த அந்தி போகவே மாட்டேன்னு உக்காந்துக்கிட்டுது, அதுவும் ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வாய்க்காக்கரைப் பிள்ளையாருக்கு வச்ச விளக்குல திரி மாத்தி மாத்தி ஊருல உள்ள பழைய வேட்டியெல்லாம் தீர்ந்து போற அளவுக்கு. இதைச் சொன்னா பக்கத்து ஊரு பாறைக்குளத்துக்காரவிய இன்னைக்கும் சிரிப்பாவ. சிரிச்சுட்டுப் போகட்டும். நான் லேடீஸ் டெய்லர் சண்முகவடிவு, மேலத்தெருவுல வாசலைப் பாத்து மிஷினைப் போட்டு உக்காந்திருக்கேன், தெருவுல நடக்கது எதுவும் எனக்குத் தெரியாம நடந்ததில்ல, வானத்துல நடந்ததும் அப்படித்தான். இதுல ஒரு வார்த்தை பொய் சொன்னா என் கத்திரி மொட்டையாப் போகட்டும்.

முதல்ல ஒண்ணு. அந்தி வானம் செவப்புன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். செவப்புன்னா எந்தச் செவப்பு? அரக்கா, குங்குமமா, செங்கலா, மிளகாப்பழமா? கண்ணு இருக்கில்லா, பாத்துச் சொன்னா என்ன? எங்க ஊர்ல பொழுது மலைக்குப் பின்னால எறங்குதப்ப முதல்ல எலுமிச்சை மஞ்சள் வரும், அது பழுத்து மாம்பழக் கலராகும், மாம்பழம் முத்தி செங்கலாகும், அதுக்கு மேலதான் அந்த வெங்காயக் கலரு, சின்ன வெங்காயத்தை உரிச்சா உள்தோல் ஒண்ணு பளபளன்னு இருக்கும்லா, அந்தக் கலரு. அது ஒரு பிளவுசுக்கு ஊக்கு வைக்கிற நேரம்தான் நிக்கும். அப்புறம் கத்திரிப்பூ, மயில்கழுத்து, இங்க்கு நீலம், இருட்டு. தினமும் இந்த வரிசைதான், ஒருநாளும் மாறினதில்ல.

அந்த வெங்காயக் கலரு வாரப்பதான் எங்க ஊர்ல விளக்கு வைப்போம். விளக்கு வச்சாச்சுன்னா அப்புறம் வாசல் பெருக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, நகம் வெட்டக்கூடாது, தூங்கக்கூடாது, சண்டை போடக்கூடாது, உப்பும் மோரும் ஊசியும் வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது, வயசுப்பிள்ளைய பயணம் கிளம்பக்கூடாது, எல்லாத்துக்கும் மேல, இல்லைங்கிற வார்த்தை வாயில வரவே கூடாது. வந்தா லச்சுமி கேட்டுருவா. 'ஓஹோ, இங்க ஒண்ணும் இல்லையா, அப்போ எனக்கு என்ன சோலி'ன்னு எந்திரிச்சுப் போயிருவா. நல்லா இருட்டி, ராத்திரின்னு ஆயிட்டா பயம் விட்டுப்போகும், அதுவரைக்கும் வாயைக் கட்டணும். அதனால அந்த நேரம் உப்பு கேட்டு யாராவது வந்தா, "உப்பு மலையாட்டம் குமிஞ்சு கிடக்கு, காலையில வந்து வாங்கிக்கிடுங்க"ம்போம். வீட்டுக்காரரு இருக்காரான்னு கேட்டா, "வெளிய இருக்காரு"ம்போம். இல்லைங்கிறதைச் சொல்லாமலே இல்லைன்னு சொல்லுததுல எங்க ஊர்க்காரவியளை அடிச்சுக்கிட ஆளு கிடையாது. எதுக்கும் ஒரே மருந்துதான், 'காலையில'ங்கிற வார்த்தை.

இந்த மருந்தும் எடுபடாத ஒரே ஆளு பகவதியம்மா. தேரடியில மெத்தைக் கடை வச்சிருக்கா, மகன் பேருல. அவளுக்கு எது வேணும்னாலும் சரியா விளக்கு வைக்கிற நேரம் பாத்துதான் படியேறுவா. உப்பு, மோரு, ஊசி மூணையும் தவிர மத்ததெல்லாம் கேப்பா. "உங்க மடக்குக் கட்டில் சும்மாதான கிடக்கு?"ம்பா. இல்லைன்னு சொல்ல வழி கிடையாதே, "காலையில பாப்போம்"னு இழுத்தா, "காலையில வேற எதுக்கு அலையணும், இப்பவே தூக்கிட்டுப் போறேன்"னு மகன் தலையில தூக்கி வச்சிருவா. என் இஸ்திரிப் பெட்டி அப்படிப் போனதுதான். போஸ்ட்மாஸ்டர் வீட்டுப் பலாமரத்துல முக்கால்வாசி காய் அப்படிப் போனதுதான்.

அன்னைக்கும் அப்படித்தான் வந்தா. என் மிஷினுக்கு நேர் எதிர்த்த வீடு, அனவரதம் அண்ணாச்சி வீடு. அண்ணாச்சி ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, பெண்சாதி தவறிப்போயிட்டா, ஒரே மகள், பேரு குழல்வாய்மொழி, நாங்க மொழிம்போம். அண்ணாச்சி மாதிரி ஒரு தங்கமான மனுசனைப் பாக்க முடியாது, அதே மாதிரி ஒரு வாயில்லாப்பூச்சியையும் பாக்க முடியாது. விளக்கு வைக்கிற நேரம்னு இல்ல, நடு மத்தியானத்துலயும் அவருக்கு இல்லைன்னு சொல்ல வராது. வாசல்ல வந்து நிக்கிற எவன்கிட்டயும் வாங்கிருவாரு. அந்த வீட்டுல தண்ணி வடிகட்டுத மிஷின் மட்டும் அடுக்களையில ஒண்ணு, முன்கூடத்துப் பட்டாசலையில ஒண்ணு, கட்டிலுக்கு அடியில பிரிக்காம ஒண்ணு. மொழி அவருக்கு நேர் எதிர், பிள்ளை வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசும். நல்லாப் படிச்சு, ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சு, பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்துது.

வானம் சரியா வெங்காயக் கலருக்கு வாரப்ப, பகவதியம்மா தாம்பாளத்தோட படியேறினா. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால மகன் ஐகோர்ட்ராஜா. ஐகோர்ட்டு சாமிக்கு நேர்ந்து பெத்த பிள்ளை, அதனால பேரு அப்படி. கெட்டவன்னு சொல்ல முடியாது, ஆனா தூங்கிருவான். கடையில சாம்பிளுக்குப் போட்டிருக்க மெத்தையில இவன்தான் எப்பவும் கிடப்பான், வார ஆளு, நல்ல மெத்தை போலிருக்குன்னு எழுப்பாம வேற கடைக்குப் போயிருவாவ.

"அண்ணாச்சி, மொழியை எங்க ராஜாவுக்குக் கேட்டு வந்திருக்கேன்"ன்னா பகவதியம்மா. "பிள்ளை கெட்டிக்காரி. கடையில உக்காந்தான்னா ரெண்டு மாசத்துல பாறைக்குளத்துலயும் ஒரு கடை போட்டுரலாம். என்ன சொல்லுதீய?"

அண்ணாச்சி விளக்கைப் பாத்தாரு. விளக்கு எரியுது. மகளைப் பாத்தாரு. மகளும் எரிஞ்சுக்கிட்டு நிக்கா. அவரு நெத்தியில வேர்த்ததை நான் இங்கேயிருந்தே பாத்தேன்.

"காலையில சொல்லுதேன் தங்கச்சி"ன்னாரு.

"அதுக்கென்ன, காலையிலயே சொல்லுங்க, தாம்பாளம் இங்கேயே இருக்கட்டும்"னு நடு வீட்டுல வச்சுட்டு அவ போயிட்டா. எங்க பக்கம் தாம்பாளத்தை வச்சுக்கிட்டா பாதிச் சம்மதம். மீதிப் பாதியும் வேண்டாம்னா கையோட திருப்பிக் குடுத்திரணும், அதுவும் அப்பன் கையாலதான் குடுக்கணும்.

நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். எதிர்த்த மாடியில அண்ணாச்சி நிக்காரு. வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டு, கூப்பின கை கூப்பினபடி. "விடிஞ்சா அந்தப் பொம்பளைகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லணும், சொல்லிட்டா மகள் ஓசூருக்குப் போயிருவா, எனக்கு ரெண்டும் முடியாது. அப்பனே, நீ இப்படியே நிக்கக்கூடாதா?"ன்னு கேட்டாரு. அவரு குரல்ல அழுகை இருந்துது. எனக்கே பாவமா இருந்துது, வானத்துக்கும் இருந்திருக்கும் போல. நின்னுட்டுது.

யாரும் கவனிக்கல முதல்ல. சோத்தை வடிச்சோம், சாப்பிட்டோம், நாடகம் பாத்தோம், படுக்கலாம்னு வாசலைப் பூட்ட வந்தா வானம் அதே வெங்காயக் கலருல இருக்கு. கடியாரம் பத்துங்குது, பன்னெண்டுங்குது, அப்புறம் காலை ஆறுங்குது, பால்காரரு மணியடிச்சுக்கிட்டு வாராரு, அவரு மூஞ்சியும் வெங்காயக் கலரு, பாலும் வெங்காயக் கலரு. டீக்கடையில கூட்டம் கூடிட்டுது. "ஆறாயிட்டுல்லா, காலைதான்"னு ஒருத்தரு சொன்னாரு. பகவதியம்மா விட்டாளா? "கடியாரம் சொன்னா காலையா? பொழுது விடிஞ்சாதான் காலை. இப்போ விளக்கு வச்ச நேரம், நாக்கை அடக்கிப் பேசுங்க"ன்னா. பஞ்சாயத்துத் தலைவரும் அவ சொல்லுததுதான் முறைன்னுட்டாரு. இல்லைன்னு சொல்ல அவருக்கும் வாயி வரல, நேரம் அப்படி.

அன்னையிலேருந்து ஊரு பட்ட பாடு இருக்கே! பெருக்கக்கூடாதுன்னு குப்பையை மூலையில ஒதுக்கி ஒதுக்கி, ஒவ்வொரு வீட்டு மூலையிலயும் ஒரு சின்னப் பொதிகைமலை. தலை வாரக்கூடாதுன்னு பொம்பளைய எல்லாம் கொண்டையைக் கொண்டைமேல முடிஞ்சு, குனிஞ்சாதான் வாசல்ல நுழைய முடியும்னு ஆயிட்டுது. சலூன்காரரு கடையைப் பூட்டிட்டு சீட்டாடப் போனாரு, நீண்ட நகத்துனால சீட்டைப் பிடிக்க முடியாம திரும்பி வந்தாரு. உப்பு தீர்ந்த வீட்டுல உப்பில்லாம தின்னாவ, மோரு தீர்ந்த வீட்டுல பக்கத்து வீட்டுக்காரியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, அவ மோரை அவளே தூக்கிட்டு வந்து, அவளே ஊத்தி, அவளே மிச்சத்தைத் தூக்கிட்டுப் போனா. ஊசி எடுக்கலாமான்னு எனக்கே ஒரு சந்தேகம் வந்துது. குடுக்கக்கூடாதுன்னுதான் பேச்சு, தைக்கக்கூடாதுன்னு பேச்சில்லன்னு எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி மிதிச்சுக்கிட்டு இருந்தேன்.

சின்னப்பிள்ளைய பாடுதான் பெரும்பாடு. எங்க ஊர்ல பிள்ளையளுக்கு ஒரே சட்டம், இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்திரணும். இருட்டவே இல்லையே! முதல்ல கொண்டாட்டமா ஆடினதுவ, ஆடி ஆடிக் கால் ஓய்ஞ்சு, மட்டையை இழுத்துக்கிட்டு, "யம்மா, இருட்டிட்டுன்னு சொல்லும்மா, வீட்டுக்கு வாரோம்"னு அழுதுதுவ. காக்காயெல்லாம் கூட்டுக்குப் போறதா வேண்டாமான்னு வட்டம் அடிச்சு அடிச்சு, கடைசியில கரெண்டுக் கம்பியில வரிசையா உக்காந்துக்கிட்டு எங்களை மொறைச்சுதுவ. ராத்திரிக் கடை போடுத பரோட்டா மாஸ்டரு, ராத்திரி ஆகட்டும்னு மாவைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு, மாவு பொங்கி அண்டாவை விட்டு எறங்கி பெஞ்சில ஏறி உக்காந்துக்கிட்டுது, கல்லு சூடாகல.

தூக்கம்தான் பெரிய தொல்லை. விளக்கு வச்ச நேரத்துல படுத்தா மூதேவி வந்து பக்கத்துல படுப்பா. அதனால, பெட்டி தூக்காமப் போனா அது பயணம் ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு ஊரே பாறைக்குளத்துக்கு பஸ் ஏறித் தூங்கப் போச்சு. பஸ் எங்க எல்லைக்கல்லைத் தாண்டினா அந்தப் பக்கம் பளீர்னு வெயிலோ, கும்முன்னு இருட்டோ, என்ன நேரமோ அது. பாறைக்குளத்துக் கல்யாண மண்டபத்துல பாய் விரிச்சு, தலைகாணிக்குத் தனி ரேட்டு போட்டு உக்காந்திருந்தாவ. கண்டக்டரு எங்களைப் பாத்ததும், "தூங்கவா, முழிச்சிருக்கவா?"ன்னு கேட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பான். கொழுப்பெடுத்த பய. பகவதியம்மா மெத்தைக் கடையில மட்டும் ஒரு ஈ காக்கா கிடையாது, தூங்காத ஊர்ல மெத்தையை யாரு வாங்குவா?

ஆனா ஒண்ணு சொல்லணும், ஊரு அழகா இருந்துது. நின்ன வானம் தெருவுக்குத் தெரு ஒரு கலர்ல நின்னுட்டுது. மேலத்தெருவுல வெங்காயம், தேரடியில மாம்பழம், சந்தைப்பேட்டையில செங்கல், கீழத்தெருவுல கத்திரிப்பூ. கீழத்தெருக்காரவியளுக்கு ஒரே மனத்தாங்கல், "வரி எல்லாரும் ஒண்ணாத்தான கட்டுதோம், எங்களுக்கு மட்டும் என்ன கத்திரிப்பூ?"ன்னு தலைவரு வீட்டு முன்னால உக்காந்துட்டாவ. அடுத்த அந்திக்கு எல்லாத் தெருவுக்கும் மாம்பழம் ஏற்பாடு பண்ணுதேன்னு அவரு வாக்குக் குடுத்தாரு. அதோட விட்டாரா, பஸ் ஸ்டாண்டுல தன் படத்தைப் போட்டு, அந்தியை நிறுத்திய தலைவரே வருகன்னு ஒரு பிளக்ஸும் வச்சுக்கிட்டாரு. எங்கெங்கேயோ இருந்து கல்யாண போட்டோக்காரனுவ வேன் வேனா வந்து எறங்கி, மாப்பிள்ளை பொண்ணை எங்க குப்பைமேட்டுல நிக்க வச்சே படம் பிடிச்சானுவ, அந்த வெளிச்சத்துல குப்பைகூட தகதகன்னு இருந்துது. மூஞ்சியில எண்ணெய் வழியுத ஆம்பளையெல்லாம் ராஜா மாதிரி தெரிஞ்சாவ. என் வீட்டுக்காரரையே நான் ரெண்டு தரம் திரும்பிப் பாத்தேன்னா பாத்துக்கிடுங்களேன்.

சண்டை போடக்கூடாதுங்கிறதுதான் எனக்கு நெஞ்சை அடைச்சுது. பத்து நிமிசம் யாரையாவது வையாம எனக்குச் சோறு எறங்காது. அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சோம், புகழ்ந்து புகழ்ந்தே வஞ்சோம். குழாயடியில ஒருத்தி, "வடிவக்கா தைச்ச பிளவுசுன்னா சும்மாவா, மூச்சு விட்டாத்தான கிழியும்"னா. நானும் விடல, "உன் மூச்சுக்கு ஊரே ஓடுதே தாயி, என் துணி எந்த மூலைக்கு"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே, பல்லைக் கடிச்சுக்கிட்டே, குடத்தைத் தூக்கிட்டு வந்தோம்.

இவ்வளவுக்கும் நடுவுல மொழி பெட்டி மேல உக்காந்திருந்துது. வயசுப்பிள்ளை விளக்கு வச்ச நேரத்துல பயணம் கிளம்பக்கூடாது, விடியணும். கம்பெனியில இருந்து போன் வரும், எப்போம்மா வாரீயன்னு. "விடிஞ்சதும் வந்திருதேன் சார்"ம்பா. "இங்க தினமும் விடியுதே மேடம்"பாவ அவிய. கடைசியில, மாசம் பிறக்கதுக்குள்ள வராட்டா வேற ஆளு போட்டுருவோம்னு சொல்லிட்டாவ. மாசம் பிறக்க ரொம்ப நாளும் கிடையாது.

நடு வீட்டுல தாம்பாளம் இருக்கு. வானம் நின்னா வாழைப்பழம் நிக்குமா, அது பாட்டுக்குக் கறுத்துக்கிட்டே வருது. மொழி ஒருநாள் நேரா மெத்தைக் கடைக்கே போயி, "எனக்கு இஷ்டம்..."னு ஆரம்பிச்சு அடுத்த வார்த்தை வாரதுக்குள்ள பகவதியம்மா ரெண்டு காதுலயும் விரலை விட்டுக்கிட்டு, "உன்கிட்ட கேக்கல ஆத்தா, உங்க அப்பாகிட்டல்லா கேட்டிருக்கேன். அவரு வாயால வரட்டும்"னா. அவரு வாயால வராதுன்னு அவளுக்குத் தெரியும்.

"சொல்லிருங்கப்பா"ன்னு மொழி தினமும் கெஞ்சும். "விடியட்டும் மொழி, காலையில சொல்லிருதேன்"ம்பாரு. அந்தப் பிள்ளை என் மிஷின் பக்கத்துல வந்து ஸ்டூல்ல உக்காந்து, "வடிவத்தை, எங்க அப்பா நல்லவரா, பயந்தாங்கொள்ளியா?"ன்னு கேட்டுது.

"ரெண்டும் ஒரே துணிதான் தாயி, எந்தப் பக்கம் வெளிய வச்சுத் தைக்கோம்ங்கிறதுதான்"ன்னேன்.

"அவரு தச்சு முடிக்கதுக்குள்ள நான் அந்த மெத்தைக் கடையில பில்லு போட்டுக்கிட்டு இருப்பேன் அத்தை"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டுது. பயம்னா என்னன்னே தெரியாத பிள்ளை அது. இதுக்கு ஒரு வழி வேணுமேன்னு நானும் நினைச்சு நினைச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஓடல.

விடியக் காத்திருக்க பகவதியம்மா என்ன கோட்டி பிடிச்சவளா? இதுவரைக்கும் இல்லைன்னு ஒரு வார்த்தை வரல, தாம்பாளம் திரும்பி வரல, அப்போ சம்மதம்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டா. பாறைக்குளத்துல இருந்து ஒரு ஐயரைக் கூட்டியாந்தா. அவரு பஸ்ஸை விட்டு எறங்கி, வானத்தைப் பாத்து, கன்னத்துல போட்டுக்கிட்டு, "இது கோதூளி முகூர்த்தம்னா! மாடு மேய்ஞ்சு வீடு திரும்பற நேரம், இதைவிட நல்ல நேரம் கிடையாது, அதுவும் இங்க ஓயாம இருக்கே"ன்னு ஆச்சரியப்பட்டுப் போனாரு. வாய்க்காக்கரைப் பிள்ளையாரு கோயில்ல கல்யாணம்னு முடிவாயிட்டுது. மாப்பிள்ளைக்கு அம்மா என்கிட்ட வந்து, "வடிவு, உங்க தெரு வானத்துக்கு மேட்சா எனக்கு ஒரு பட்டுப் பிளவுசு"ன்னா. "காலையில"ன்னு இழுத்தேன். "மிஷின் முன்னாலதான உக்காந்திருக்கே"ன்னா. இல்லைன்னு சொல்ல முடியாத பாவி, தைச்சேன். கலரு அச்சு அசலா வெங்காயம். அளவை மட்டும் என் மனசு வந்தபடி பிடிச்சேன்.

கல்யாணத்துக்கு ஊரே வந்துது. தலைக்கு மேல கொண்டை, கையில நகம், கண்ணெல்லாம் கோவைப்பழம், நின்ன இடத்துலயே ஆடிக்கிட்டு. ஐகோர்ட்ராஜா மாலையைப் போட்டுக்கிட்டு தூணுல சாஞ்சு நின்னான், அவங்க அம்மா அடிக்கொரு தரம் இடுப்புல ஒரு கிள்ளுக் கிள்ளி அவனை முழிக்க வச்சா. மொழி கட்டியிருந்த சேலை, கம்பெனிக்கு முதல்நாள் கட்டிக்கிட்டுப் போகன்னு எடுத்த சேலை. அண்ணாச்சி அந்தத் தாம்பாளத்தை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, வாழைப்பழம் கரியாயிட்டுது.

ஐயரு, "பொண்ணைப் பெத்தவா சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ"ன்னாரு.

அண்ணாச்சி வாயைத் திறக்கதுக்குள்ள மொழி முன்னால வந்துட்டுது. பிள்ளையாரு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு, ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, அந்த வெங்காய வெளிச்சத்துல நின்னுக்கிட்டு, "எனக்கு இஷ்டம் இல்லை"ன்னுட்டுது.

அடப்பாவி மகளே! ஊரே காதைப் பொத்துச்சு. பொம்பளையெல்லாம் தாலியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாவ, தலைவரு தூணுக்குப் பின்னால போயிட்டாரு. லச்சுமி கிளம்புதாளான்னு எல்லாரும் விளக்கையே பாத்தோம். விளக்கு எரிஞ்சுது. ஒண்ணும் நடக்கல. வானமும் அசையல.

"சின்னப்பிள்ளை பேச்சு கணக்குல வராது"ன்னா பகவதியம்மா, விளக்கை ஒரு தரம் திரும்பிப் பாத்துக்கிட்டே. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

மொழி அப்பா பக்கம் திரும்புச்சு. "நான் சொல்லிட்டேன்பா. வானம் இடிஞ்சு விழல. நீங்களும் ஒரு தரம் சொல்லிப் பாருங்க. எனக்காக."

அண்ணாச்சி, "இ"ன்னாரு. அதோட நின்னுட்டாரு. ஊரே எட்டிப் பாக்கு. "இ... இ..."ங்காரு. இருக்கட்டும்னு சொல்லிருவாரோ, இப்பவே கட்டுங்கன்னு சொல்லிருவாரோன்னு நான் கூட்டத்தை இடிச்சுக்கிட்டு முன்னால போனேன். கழுத்து நரம்பு புடைச்சு, கண்ணுல தண்ணி முட்டி, ஆயுசு பூரா அந்த மனுசன் முழுங்கின அத்தனையும், வாங்கின அத்தனை மிஷினும், தலையாட்டின அத்தனை தலையாட்டும் தொண்டையில வந்து நின்னு முட்டி மோதி,

"இல்லை"ன்னாரு.

மெதுவாத்தான் சொன்னாரு. சொன்னது அவருக்கே நல்லாருந்துது போல, இன்னொரு தரம் சத்தமாச் சொன்னாரு. "இல்லை தங்கச்சி. என் மகளுக்கு இஷ்டம் இல்லை, எனக்கும் இல்லை. உங்க வீட்டுக்குக் குடுக்கதா இல்லை. இந்தாங்க, தாம்பாளத்தைப் பிடிங்க."

பகவதியம்மா பிடிச்சுட்டா. ஒரு ஆளு இல்லைன்னு சொல்லி அவ கேட்டதே கிடையாதுல்லா, என்ன செய்யணும்னு தெரியாம கையை நீட்டிட்டா. அவ கை தாம்பாளத்துல பட்டதும் வானம் உரிஞ்சுது. வெங்காயத்தோல் ஒரு சுத்து உரிஞ்சு கத்திரிப்பூ வந்துது, அது உரிஞ்சு மயில்கழுத்து வந்துது, அது உரிஞ்சு இங்க்கு நீலம், அப்புறம் நல்ல இருட்டு, எண்ணெய் தேச்ச மாதிரி கன்னங்கரேல்னு இருட்டு. எல்லாருக்கும் கண்ணுல தண்ணி கொட்டுச்சு. வெங்காயம் உரிச்சா கொட்டத்தான செய்யும்?

"இருட்டிட்டு, இருட்டிட்டு"ன்னு பிள்ளையெல்லாம் மட்டையைப் போட்டுட்டு வீட்டுக்கு ஓடுச்சுவ. பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கல்லுல கரண்டி தட்டுத சத்தம் கேட்டுது. ஐகோர்ட்ராஜா தூணோட வழுக்கி, மாலையோட தரையில படுத்து, குறட்டை விட்டான். பகவதியம்மா இருட்டுக்குள்ள நின்னு ஒரு பெருமூச்சு விட்டா பாருங்க, படபடபடன்னு பிளவுசு ஊக்கெல்லாம் தெறிச்சுது. அது என் கைவேலை. விளக்கு வச்ச நேரம் தாண்டிட்டுல்லா, நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுப் போயி, "ஏ பகவதி, என் இஸ்திரிப் பெட்டியை எப்போ தரப்போற?"ன்னு ஆரம்பிச்சேன். எத்தனை நாள் பாக்கி! ஊருல பாதிப்பேரு நின்னு கேட்டாவ, மீதிப்பேரு அங்கேயே படுத்துத் தூங்கிட்டாவ.

மறுநா விடிஞ்சுது. எலுமிச்சை மஞ்சள்ல விடிஞ்சுது. பெருக்கினோம் பெருக்கினோம், மத்தியானம் வரைக்கும் பெருக்கினோம். லச்சுமி எங்கேயும் போகல, போயிருந்தாலும் அந்தக் குப்பையைத் தாண்டி எப்படிப் போயிருப்பா? அனவரதம் அண்ணாச்சிக்கு மட்டும் அந்த வார்த்தை ருசி கண்டுபோச்சு. காப்பி குடிக்கீயளான்னா இல்லைம்பாரு, குடிச்சுட்டீயளான்னாலும் இல்லைம்பாரு. மொளகாப்பொடி விக்க வந்தவனை வாசல்ல நிக்க வச்சு, அவன் கேக்கதுக்கு முன்னாலயே நாலு தரம் இல்லைன்னு சொல்லி அனுப்பினாரு. தெருவே சிரிச்சுது.

மொழிக்குக் காலையில ஓசூர் பஸ்ஸுன்னா, முந்தின நாள் அந்தி. நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். எதிர்த்த மாடியில அப்பாவும் மகளும். வானம் மாம்பழத்துல இருந்து செங்கலுக்கு வந்து, வெங்காயத்துக்கு வந்துது. கீழ விளக்கு வச்சாச்சு.

"அப்பா, நான் போறதுல உங்களுக்கு வருத்தமா?"ன்னு மொழி கேட்டுது.

"இல்லை"ன்னாரு அண்ணாச்சி, பட்டுன்னு.

வானம் அதைக் கேட்டுச்சு. கத்திரிப்பூ வரணும், வரல. நான் கொடியில கையை வச்சபடி நிக்கேன், ஒரு பிளவுசுக்கு ஊக்கு வச்சு முடிச்சாச்சு, ரெண்டாவது பிளவுசுக்கும் வச்சு முடிக்கலாம், வானம் வெங்காயக் கலர்லயே நிக்கு. மொழி அண்ணாந்து பாத்துட்டு அப்பாவைப் பாத்துது. அவரு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, கோழியை விரட்டுத மாதிரி வானத்தைப் பாத்துக் கையை வீசினாரு.

"போயேன்"ன்னாரு. "நிக்காத. பிள்ளை காலையில பஸ் ஏறணும்லா."

அதுக்கப்புறம்தான் இருட்டுச்சு.